நடுவில் ஒரு ஆள்

எங்கள் கம்பெனியில் யார் எப்போது கேமராவைத் திறக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும், அந்த மீட்டிங்கில் யார் பெரியவர் என்று சொல்லிவிடலாம். எம்.டி. திறந்தால் மேனேஜர்கள் திறப்பார்கள். அவர் மூடி வைத்திருந்தால் ஒருவரும் திறக்க மாட்டார்கள். பேச்சு முடிந்த பிறகும், அவர் வெளியேறும் வரை மற்ற எல்லாரும் திரையில் காத்திருப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டிலிருந்து பேசத் தொடங்கிய சில நாட்களிலேயே இந்த ஒழுங்கு தானாக அமைந்துவிட்டது.

நான் மதுரைப் பக்கத்துக் கப்பலூரில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆயில் சீல், கேஸ்கெட், புஷ் மாதிரியான சாமான்கள். தரக்கட்டுப்பாட்டோடு வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பொறுப்பும் என்னுடையது. ஜெர்மனியில் ஒரு வாடிக்கையாளர், ஜப்பானில் ஒருவர். கொரோனாவுக்கு முன்பு ஆடிட், அதாவது தரச் சோதனை, என்றால் அவர்களே வருவார்கள். ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் இயந்திரங்களின் முன்னால், பிரஸ் பிரஸ்ஸாக நின்று பார்ப்பார்கள், மாலையில் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போவார்கள், மறுநாள் கிளம்புவார்கள். இப்போது முக்கால்வாசி வேலை திரையில்தான் நடக்கிறது. எங்கள் ஆட்களில் பலருக்கு அது இன்னும் ஒட்டவில்லை. ஏன் என்று ரொம்ப நாளாக யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பயிற்சி நடத்த வந்த ஒருவர் இதற்கு ஒரு வரைபடத்தைக் காட்டி விடை சொன்னார். கீர்ட் ஹாஃப்ஸ்டீடு என்ற நெதர்லாந்து அறிஞருடையது அது. ஐபிஎம் நிறுவனம் 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் இருந்த தன் ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கியது. அதை வைத்து ஹாஃப்ஸ்டீடு ஒவ்வொரு நாட்டுக் கலாச்சாரத்துக்கும் சில அளவுகளில் மதிப்பெண் போட்டார். புத்தகமாக வந்தது 1980-ல். அதிகார இடைவெளி என்று ஒரு அளவு: மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது. இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, ஜெர்மனிக்கு 35.

புதிய தொழில்நுட்பத்தை ஒருவர் ஏன் ஏற்கிறார் என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்காவில் ஃபிரெட் டேவிஸ் 1989-ல் சொன்னது. இது என் வேலைக்கு உதவுமா, பயன்படுத்தச் சுலபமா என்கிற இரண்டு எண்ணங்களைப் பொறுத்துத்தான் ஆள் ஒரு கருவியை ஏற்பார் என்பது அவருடைய வாதம். பயிற்சிக்காரர் இரண்டையும் சேர்த்தார். நாம் அதிகார இடைவெளி கூடிய நாடு, ஆகவே கீழே இருப்பவர் திரையில் பேசத் தயங்குவார், ஆகவே எல்லாரும் கேமராவைக் கட்டாயம் திறக்க வேண்டும் என்று விதி போடுங்கள் என்றார். எம்.டி.க்கும் அது பிடித்திருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மதிப்பெண்கள் ஐபிஎம்மில் வேலை பார்த்தவர்களிடம் வாங்கியவை. ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது, பிறகு 1990-களில்தான் திரும்பியது. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்பியவரும், இன்றைக்கு கப்பலூரில் 170 டிகிரி சூட்டில் பிரஸ் ஓட்டுகிற திருமங்கலத்துத் தம்பியும் ஒரே 77-க்குள் அடங்குவார்களா? பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2002-ல் இந்தக் கேள்வியையே கடுமையாக எழுப்பியிருக்கிறார்: ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே எப்படி அளக்க முடியும் என்று. மதிப்பெண் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மீட்டிங்கில் கேமரா திறக்கும் வரிசையைப் பார்க்கிறவள் எப்படி அப்படிச் சொல்ல முடியும்? ஆனால் அந்த எண்ணிலிருந்து "கேமராவைத் திற" என்ற விதிக்குத் தாவுவதுதான் தப்பு.

ஜெர்மன்காரர்களை எடுத்துக்கொள்வோம். 35 மதிப்பெண் வாங்கிய நாடு. அவர்கள் பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பொண்ணு ஒருத்தி, தன் மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே, "இல்லை, அந்த அளவு தப்பு" என்று திருத்துவாள். அவரும் சரி என்று மேலே போவார். எங்கள் ஆட்கள் முதல் தடவை அதைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு வெளிப்படையாக இருப்பவர்களுக்குத் திரையில் எந்தத் தயக்கமும் இருக்காது என்றுதானே நினைப்போம்? ஒருநாள் எங்கள் இஞ்சினியர் பையன், குறிப்பு எழுத வசதியாக இருக்கும் என்று ரெக்கார்டிங்கைப் போட்டான். அங்கிருந்து உடனே நிறுத்தச் சொன்னார்கள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்பது குரலில் தெரிந்தது. ஜெர்மனியில் ஒருவர் தனிப்பட்டுப் பேசுவதை அனுமதியில்லாமல் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவில் வருகிற குற்றம். ஊழியரைக் கண்காணிக்கப் பயன்படக்கூடிய எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும், ஊழியர் மன்றம் இருக்கிற நிறுவனத்தில் அதன் சம்மதம் வேண்டும். அந்த நாட்டின் வரலாறு அப்படி. உளவு பார்த்த அரசுகளின் கீழே வாழ்ந்த நினைவு அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது.

பக்கத்து நெதர்லாந்தில் இன்னும் தெளிவாக ஒன்று நடந்தது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனம், வீட்டிலிருந்து வேலை பார்த்த தன் நெதர்லாந்து ஊழியரை நாள் முழுக்கக் கேமராவைத் திறந்து வைக்கச் சொன்னது. அவர் மறுத்தார், வேலையை விட்டு நீக்கினார்கள். 2022-ல் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று சொல்லி இழப்பீடும் கொடுக்க வைத்தது. தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமை அது என்றது. அமெரிக்க அலுவலகத்துக்குச் சாதாரண விதியாகத் தெரிந்தது, அங்கே மனித உரிமைக் கேள்வியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பிரஸ் ஆபரேட்டரோ, கணக்கு எழுதும் பொண்ணோ இப்படி மறுத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இங்கே மறுப்பு வேறு வடிவத்தில் வரும். "நெட் சரியில்லை மேடம்" என்று வரும்.

அந்த "நெட் சரியில்லை" என்பதைப் பொய் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் எங்கள் கணக்குப் பிரிவுப் பொண்ணு ஒருத்தி கேமராவைத் திறக்கவே மாட்டாள். வில்லாபுரத்தில் கூட்டுக் குடும்பம், இரண்டே அறை. பின்னால் மாமனார் துண்டோடு நடப்பார், கொடியில் துணி காயும், குழந்தை வந்து மடியில் ஏறும். ஆபீசுக்கு அவள் கட்டிக்கொண்டு வருகிற சேலையும் அந்த வீடும் ஒரே சட்டத்துக்குள் வருவதை அவள் விரும்பவில்லை. அது அவளுடைய மானம். அதிகார இடைவெளியில் அதற்கு எத்தனை மதிப்பெண்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, வீடியோ கால்களுக்குப் பிறகு மிகவும் களைத்துப்போவதாகச் சொன்ன பெண்கள் ஏழில் ஒருவர், ஆண்கள் இருபதில் ஒருவர். தன் முகத்தையே மணிக்கணக்காகத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பெரிய காரணம் என்கிறார்கள். அதோடு நம் ஊரில் தன் வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானியர்களோடு நடக்கும் மீட்டிங் வேறு மாதிரி. அவர்களுக்கு மதியம் ஒரு மணி என்றால் நமக்குக் காலை ஒன்பதரை. கேள்விகள் எல்லாம் அட்டவணையாக முன்கூட்டியே வந்துவிடும். இளையவர்கள் முன்னதாகவே உள்ளே வந்து மைக், திரை எல்லாம் சோதிப்பார்கள். பெரியவர் கடைசியில் வருவார். முடியும்போது எல்லாரும் கேமராவைப் பார்த்துத் தலை வணங்குவார்கள். எங்கள் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் அண்ணனுக்கு அது மிகவும் பிடிக்கும். அவரும் எழுந்து நின்று கும்பிடுவார். எழுந்தால் சட்டைப் பொத்தான்தான் திரையில் தெரியும், இருந்தாலும் நிற்பார். பெரியவர்களுக்கு மரியாதை என்பது அவருக்கு உடம்பால் செய்யும் காரியம். எழுந்து நிற்பது, துண்டை இறக்குவது, ஒரு எட்டு பின்னால் தள்ளி நிற்பது. திரை அதை எல்லாம் வெட்டிவிட்டு எம்.டி.யின் முகத்தையும் அவர் முகத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது. அவர் திரையில் பேசாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜப்பானில் விருந்தினரைக் கதவிலிருந்து தள்ளி உட்கார வைப்பது முறை. அந்த ஊர் அலுவலகங்களிலும் திரைக் கட்டங்களில் யார் எங்கே இருக்க வேண்டும் என்ற கவலை வந்ததாம்.

அதே ஜப்பானில், 2020 ஏப்ரலில் நோய்க்குப் பயந்து வீட்டில் இருக்கச் சொன்ன நேரத்தில், காகிதத்தில் முத்திரை குத்துவதற்காகவே மக்கள் ரயிலேறி அலுவலகம் போனார்கள். ஹாங்கோ என்று அந்த முத்திரைக்குப் பெயர். அந்த ஆண்டே தாரோ கோனோ என்ற அமைச்சர் அரசுக் காகிதங்களில் அதை ஒழிக்கப் பாடுபட்டார். வீடியோவில் ஒருவருக்கொருவர் வணங்கப் பழகிய கைகளுக்கு முத்திரையை விட மனசு வரவில்லை. ஒரு நாட்டின் கலாச்சாரம் தொழில்நுட்பத்தை ஏற்கும், ஏற்காது என்று மொத்தமாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போனது இதையெல்லாம் படித்த பிறகுதான்.

இப்போது எங்களுக்கு உண்மையாகவே பாதிப்பு கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். அது மௌனம்.

ஜெர்மன்காரர் ஒரு கேள்வி கேட்பார்: இந்த லாட்டில் ஓரத்துப் பிசிறு ஏன் கூடியது? பதில் தெரிந்தவர் சூப்பர்வைசர் அண்ணன். அவர் மேனேஜரைப் பார்ப்பார். மேனேஜர் எம்.டி.யைப் பார்ப்பார். எம்.டி. தலையசைப்பார். அப்புறம் மேனேஜர் பேசுவார். நேரில் இருந்தால் இந்தக் கண்பேச்சு விருந்தாளிக்கும் தெரியும், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். திரையில் அவருக்குத் தெரிவது அசையாத நாலு முகங்கள், பதில் இல்லாத சில விநாடிகள், அவ்வளவுதான். மறைக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்.

பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளியை 2009-ல் பத்து மொழிகளில் அளந்திருக்கிறார்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு சராசரி இடைவெளி ஏறக்குறைய 200 மில்லி விநாடி. கண் சிமிட்டும் நேரம். மிகக் குறைவு ஜப்பானிய மொழியில், 7 மில்லி விநாடி. மிக அதிகம் டேனிஷ் மொழியில், 469. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. எந்த மொழியானாலும் மனிதக் காது எதிர்பார்க்கும் இடைவெளி அவ்வளவு சின்னது என்பதுதான் விஷயம். இதோடு லைன் தாமதத்தையும் சேருங்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் ஜெனரேட்டரில் ஓடும் எங்கள் மோடத்துக்கு அது கனவு. தொலைபேசியில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்து 2014-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதித்தபோது, பேசியவர்கள் லைனை மட்டும் குறை சொல்லவில்லை. எதிராளி கவனமில்லாதவர் என்று அவர் குணத்தையும் குறைத்து மதிப்பிட்டார்கள். இதைப் படித்தபோது, அந்த மௌனங்களில் எங்கள் அண்ணனைப் பற்றி அந்தப் பக்கம் என்ன நினைத்திருப்பார்கள் என்று மனசு கஷ்டப்பட்டது. இருபது வருஷமாக ரப்பரை விரலால் தொட்டே வெந்தது வேகாதது சொல்கிற மனிதர் அவர்.

மீட்டிங் முடிந்து பத்து நிமிஷத்தில் அவர் எனக்குப் போன் செய்வார். "மேடம், அந்தப் பிசிறு, டையோட பார்ட்டிங் லைன் தேஞ்சு போச்சு. போன மாசமே சொன்னேன்." டை என்றால் ரப்பருக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அதன் இரு பாதிகள் சேரும் கோடு பார்ட்டிங் லைன். உண்மை எப்போதும் அந்த இரண்டாவது போனில்தான் வரும்.

இப்படிச் சொல்வதால் எங்கள் ஜனங்களுக்குத் திரையே ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. 2020 மே மாதம் மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. நேரலையில் பார்த்தபடி மதுரையில் எத்தனையோ பெண்கள் வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். என் அம்மாவும்தான், டிவி முன்னால் விளக்கேற்றி வைத்து. 2022-ல் தடை நீங்கியதும் ஜனம் மாசி வீதிகளை நிறைத்துவிட்டது. வேறு வழியில்லாதபோது ஏற்பது ஒன்று, விரும்பி ஏற்பது இன்னொன்று. நிறுவனங்கள் 2020-ன் எண்களைக் காட்டி, மக்கள் ஏற்றுவிட்டார்கள் என்று சொல்லும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். ஜூமில் ஒரு நாளைக்கு மீட்டிங்கில் சேருகிறவர்கள் 2019 டிசம்பரில் ஒரு கோடி, 2020 ஏப்ரலில் 30 கோடி. நாலு மாதத்தில் எந்த நாட்டின் கலாச்சாரமும் மாறியிருக்க முடியாது. கதவை அடைத்துவிட்டார்கள், ஜன்னல் வழியாகப் பேசினோம்.

விரும்பி ஏற்றதும் எங்கள் பக்கத்திலேயே நடந்திருக்கிறது, அதுவும் ஜூம் பிறப்பதற்கு முன்பே. அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. 2000-களின் நடுவில் தேனிப் பக்கத்துச் சிற்றூர்களில் அவர்கள் பார்வை மையங்களைத் திறந்தார்கள். நல்ல இணைய வசதி இல்லாத காலம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாதாரண வைஃபை கருவிகளையே திசை ஆண்டெனாக்களோடு கோபுரங்களில் ஏற்றி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு இணைப்பு கொடுத்தார்கள். கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதித்துக் குறிப்பு எழுதுவாள். தேனி மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து நோயாளியிடம் பேசுவார். பெரும்பாலானவர்களுக்கு பஸ் ஏறும் தேவையே இல்லாமல் போனது.

என் அப்பத்தா அப்படிப்பட்ட ஒரு மையத்துக்குப் போயிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசவே கூச்சப்படுவார். திரையில் இருந்த டாக்டரிடம் மருமகளைப் பற்றிய புகார் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். எப்படி ஆத்தா பேசினே என்று கேட்டதற்கு, "அந்தப் புள்ள பக்கத்துல நின்னுச்சுல்ல" என்றார். அந்தப் புள்ள நம்ம பக்கத்துப் பொண்ணு, நம்ம பேச்சு பேசுகிறவள். அவள் தோளைத் தொட்டு, "பாட்டி, டாக்டர் கேக்குறாருல்ல, சொல்லுங்க" என்றிருக்கிறாள். அவ்வளவு போதும்.

என் கட்சி இதுதான். எங்கள் ஊரில் ஆட்கள் திரையை நம்பிப் பேசுவதில்லை, நடுவில் நிற்கிற ஆளை நம்பித்தான் பேசுகிறார்கள். வரைபடத்தில் இருந்த 77 மதிப்பெண்ணை ஒரு விதி போட்டு அழிக்க முடியாது. ஆனால் அந்த இடைவெளியில் நம்பிக்கையான ஒருவரை நிறுத்த முடியும். ஜப்பானியர்கள் இதை எப்போதோ வழக்கமாக வைத்திருக்கிறார்கள். மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிடும் அந்த முறைக்கு நெமவாஷி என்று பெயர். நம் வீட்டு நிச்சயதார்த்தமும் அப்படித்தானே? தாம்பூலம் மாற்றும்போது யாரும் புதிதாகப் பேரம் பேசுவதில்லை, எல்லாம் முன்பே தரகரும் தாய்மாமனும் பேசி முடித்திருப்பார்கள்.

சென்ற முறை ஜப்பான் ஆடிட்டுக்கு நான் இப்படிச் செய்தேன். முந்தின நாள் கேள்வி அட்டவணையை எடுத்துக்கொண்டு பிரஸ் ஷாப்புக்குப் போய், அண்ணனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கினேன். டை தேய்மானத்தையும் சேர்த்துத்தான். அதை எம்.டி.யிடம் அன்றைக்கே சொல்லி, அண்ணனே பேசுவார் என்று சம்மதமும் வாங்கிவிட்டேன். மறுநாள் கேமரா யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு பிரஸ் பிரஸ்ஸாக நடந்தேன், படத்தில் தெரிந்தது டையும் அவர் கையும். கேள்வி வந்தால் தமிழில் கேட்பேன், அவர் தமிழில் சொல்வார், நான் மாற்றிச் சொல்வேன். நிறுத்தி யோசித்தால், "அளவெடுத்துச் சொல்கிறார், கொஞ்சம் பொறுங்கள்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிடுவேன். எம்.டி. தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேய்ந்த டையைப் பற்றி அண்ணன் நேராகவே சொன்னார். ஜப்பானியர்கள் மாற்றும் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

இப்போது கான்ஃபரன்ஸ் ரூமுக்குப் பெரிய திரையும், பேசுகிறவரை நோக்கித் தானாகத் திரும்பும் கேமராவும் வாங்க விலை கேட்டிருக்கிறார்கள். நான் வேறொன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிரஸ் சத்தத்தை வடிகட்டும் ஹெட்செட் நாலு, ஷாப் ஃப்ளோருக்குத் தனியாக ஒரு நல்ல இணைப்பு, வீட்டிலிருந்து பேசுகிறவர்களுக்குக் கேமரா அவரவர் விருப்பம் என்று ஒரு சுற்றறிக்கை. அதோடு பிரிவுக்கு ஒருவர், நடுவில் நிற்கும் என் வேலையைச் செய்யப் பழக வேண்டும். முதல் ஆளாக அந்தக் கணக்குப் பிரிவுப் பொண்ணின் பெயரை எழுதியிருக்கிறேன். அவளுக்கு ஆங்கிலமும் வரும், ஷாப்பில் எல்லாரும் அவளிடம் பேசுவார்கள். ஹெட்செட்டுக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. சுற்றறிக்கையைப் பற்றி வெள்ளிக்கிழமை பேசலாம் என்று எம்.டி. சொல்லியிருக்கிறார், நேரில்.